கணித மேதையும் கொட்டை எடுத்த புளியும்

மலர்க் குழுவினர் ஃபோனில் கூப்பிட்டு, பழைய மாணவன் என்ற முறையில் நாலு பக்கம் எழுதித் தர வேண்டும், ஆனால் தயவுசெய்து கணக்கு மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கணக்கு டிபார்ட்மெண்டில் படித்தவன் கணக்கில்லாமல் என்னத்தை எழுதுவது? யோசித்ததில் ஒரு வழி கிடைத்தது. சீனிவாச ராமானுஜனைப் பற்றி எழுதுவது; அவருடைய கணக்கை அப்படியே விட்டுவிட்டு, சீமையில் இருந்த ஐந்து வருஷமும் அவர் சோற்றுக்கும் கடுதாசிக்கும் பட்ட பாட்டை மட்டும் எழுதுவது. நம் கல்லூரியில் படித்தவர்கள் எத்தனையோ பேர் இன்று வெளிநாட்டில் இருக்கிறார்கள். இந்த வருஷம் படிப்பை முடிக்கிறவர்களிலும் சிலர் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு 1729 கதை தெரிந்திருக்கும். புளிக் கதை தெரிந்திருக்காது.

பிறப்பு வளர்ப்பெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டது என்பதால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெரு. அப்பா ஜவுளிக்கடைக் குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பையன் கணக்கைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காததால் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் போயிற்று, எஃப்.ஏ. பரீட்சையும் போயிற்று. 1909-ல் ஜானகியைக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போது பத்து வயது. 1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அந்தப் பிரசித்தி பெற்ற கடிதம்.

ஹார்டி கூப்பிட்டார். ராமானுஜன் முதலில் மாட்டேன் என்றுவிட்டார். கடல் தாண்டினால் சாதியை விட்டுத் தள்ளிவைக்கும் காலம் அது. அம்மா சம்மதிக்கவேயில்லை. பிறகு நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு தந்ததாகவும், அதனால் அம்மா இறங்கி வந்ததாகவும் அந்தக் குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம். எப்படியோ வழி பிறந்தது. ஆனால் பிள்ளையைக் கிராப்புத் தலையும் கோட்டுமாகப் பார்க்க அம்மாவுக்கு மனசு தாங்காது என்று, கப்பல் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போதே அம்மாவையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் குடுமியை எடுத்தார்கள். 1914 மார்ச் 17-ஆம் தேதி நெவாசா என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டபோது, துறைமுகத்தில் பெரிய மனிதர்கள் எல்லாரும் இருந்தார்கள். வீட்டுப் பெண்கள் மட்டும் இல்லை.

அதே கப்பலில் டாக்டர் சௌரிமுத்து என்ற தமிழரும் பயணம் செய்தார். இங்கிலாந்தில் காசநோய் ஆஸ்பத்திரி நடத்தி வந்தவர். இவரைப் பற்றிப் பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 14-ல் லண்டன் போய்ச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் முதல் ஒன்றரை மாதம் நெவில் என்ற பேராசிரியர் வீட்டில் ஜாகை. ராமானுஜனை நேரில் பேசிச் சம்மதிக்க வைத்ததில் இந்த நெவிலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜூன் மாதம் டிரினிடி கல்லூரியிலேயே அறை கொடுத்துவிட்டார்கள். அதற்குமேல் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைமை.

முதல் சங்கடம் செருப்பு. செருப்பில்லாமலே நடந்து பழகிய பாதத்துக்குச் சீமை ஷூ ஒரு தண்டனை. அறைக்குள் சிலிப்பரோடுதான் இருப்பார். இரண்டாவது, குளிர். அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த மகாலநோபிஸ் ஒருநாள் இவர் அறைக்குப் போனபோது, இவர் கணப்புக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தார். ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள் என்று விசாரித்தால், ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டு படுக்கிறாராம். அப்படியும் குளிர் தாங்கவில்லையாம். மகாலநோபிஸ் உள்ளே போய்ப் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் எல்லாம் இருந்தன. மெத்தையோடு சேர்த்து நாலு பக்கமும் மடித்துச் செருகி, மேலே விரிப்பு போட்டிருந்தது. அந்தக் கம்பளிக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று இவருக்கு யாரும் சொல்லவில்லை. இவரும் யாரையும் கேட்கவில்லை. மேலேயே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார்.

இந்தச் சம்பவத்தைச் சொல்லிச் சிரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 1981-ல் நான் வெளிநாடு போனபோது, துணி துவைக்கும் மெஷினில் எங்கே காசு போடுவது என்று கேட்க வெட்கப்பட்டு, ஒரு மாதம் பாத்ரூம் வாளியில் துவைத்தவன் நான்.

மூன்றாவதுதான் பெரிய சங்கடம், சாப்பாடு. கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் கை நனைக்கவில்லை. பன்றிக் கொழுப்பு புழங்குகிற சமையலறையில் காய்கறியை மட்டும் வேறாக வேகவைத்தார்கள் என்று எப்படி நம்புவது? ஆரம்பத்தில் பாலும் பழமும்தான் காப்பாற்றின. பிறகு அறையிலேயே கேஸ் அடுப்பு வைத்துத் தானே பொங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். சாதம், ரசம், தயிர், ஏதோ ஒரு காய். அடுப்புப் பக்கம் போகுமுன் உடை மாற்றிப் பைஜாமா போட்டுக்கொள்வார் என்று ஹார்டி எழுதி வைத்திருக்கிறார். மடி வேஷ்டிக்கு வழியில்லாத ஊரில் பைஜாமாவே மடி! ஹார்டிக்குக் கடவுள் நம்பிக்கை துளியும் கிடையாது. ஆனாலும் இதைக் கேலி செய்யாமல் பதிவு செய்திருக்கிறார்.

சமைக்கத் தெரிந்துவிட்டால் போதுமா? சாமான் வேண்டாமா? அரிசி கிடைத்துவிடும். புளிக்கும் மிளகாய்ப் பொடிக்கும் எங்கே போவது? ஊருக்கு எழுதினார். பார்சல்கள் வந்தன. 1915 தொடக்கத்தில் சுப்பிரமணியன் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இனிமேல் சாமான் எதுவும் அவ்வளவாக வேண்டாம், நல்ல புளியும் தேங்காய் எண்ணெயும் மட்டும் அனுப்பினால் போதும் என்றிருக்கிறார். புளி கொட்டை எடுத்ததாக இருந்தால் விசேஷம் என்றும் சேர்த்திருக்கிறார். கணக்கில் முடிவிலியோடு புழங்கிக்கொண்டிருந்தவர், பார்சல் எடையில் புளியங்கொட்டைக்கு எதற்குத் தண்டம் அழுவது என்று யோசித்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த ராமானுஜன் இவர்தான்.

சமையல் விஷயத்தில் மனிதருக்கு ரோஷமும் உண்டு. சட்டர்ஜி என்ற வங்காள நண்பரையும், அவர் மணக்கவிருந்த பெண்ணையும், இன்னொரு பெண்மணியையும் ஒருநாள் தன் அறைக்குச் சாப்பிட அழைத்தார். ரசம் பரிமாறினார். குடித்தார்கள். இரண்டாம் முறை பரிமாறினார், குடித்தார்கள். மூன்றாம் முறை பெண்கள் போதும் என்றுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ஆளைக் காணோம். அறையை விட்டே போய்விட்டார். சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து சட்டர்ஜிக்குத் தந்தி வந்தது, ஐந்து பவுண்டு அனுப்பும்படி. தன் ரசத்தை வேண்டாம் என்று சொன்னதைத் தாங்க முடியாமல், கையில் இருந்த காசோடு ரயிலேறிப் போயிருக்கிறார்! நம் வீட்டில் விருந்தாளி போதும் என்றால் அம்மா முகம் போகும் போக்கைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவருக்கு அந்த ரசம் வெறும் ரசமில்லை.

பண விஷயம். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வருஷம் 250 பவுண்டு கொடுத்தது, டிரினிடி 60 பவுண்டு கொடுத்தது. சென்னைப் பணத்தில் 50 பவுண்டு ஊரில் குடும்பத்துக்குப் போய்விடும். அன்றைய கணக்கில் ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். ஆக 750 ரூபாய். துறைமுகத்தில் அவர் வருஷம் பூராவும் வாங்கிய சம்பளம் 360 ரூபாய்தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளை என்ற முறையில் அவர்மேல் குற்றம் சொல்ல இடமே இல்லை.

கடிதமும் ஆரம்பத்தில் ஒழுங்காகவே போயிற்று. மாதத்துக்கு மூன்று நான்கு. அப்பாவுக்கு எழுதும்போது வீட்டுச் சாக்கடையைச் சரியாக வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதுவார். அம்மாவுக்கு எழுதும்போது வேறு தோரணை. 1914 ஆகஸ்டில் உலகப்போர் வெடித்தது. அவர் இருந்த டிரினிடி கல்லூரித் தாழ்வாரத்திலேயே காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டில் போட்டார்கள். செப்டம்பரில் அம்மாவுக்கு எழுதுகிறார்: இந்த நாட்டில் சண்டையே இல்லை, பக்கத்து நாட்டில்தான், நமக்கும் ரங்கூனுக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். ரங்கூனை அம்மாவுக்குத் தெரியும், பாரிஸைத் தெரியாது. அந்த அளவுக்கு யோசித்து எழுதிய கடிதம் அது.

போரினால் கடல்வழி கெட்டது. அவரைச் சுமந்து போன நெவாசாவே ஆஸ்பத்திரிக் கப்பலாயிற்று. இந்தியாவுக்கு ஆட்களையும் தபாலையும் ஏற்றி வந்த பெர்சியா என்ற கப்பலை 1915 டிசம்பர் 30-ல் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. முந்நூறு பேருக்கு மேல் போனார்கள். சாதாரணமாகவே ஒரு கடிதம் போய்ச் சேர இரண்டு மூன்று வாரம். இப்போது போய்ச் சேருமா என்பதே நிச்சயமில்லை. ஒரு வருஷத்தில் டிகிரியை முடித்துக்கொண்டு ஊருக்கு ஒருதரம் வந்து போகலாம் என்றால் அதற்கும் வழியில்லாமல் போயிற்று. 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் கொடுத்தார்கள். எஃப்.ஏ. தேறாதவர் கேம்பிரிட்ஜ் பட்டதாரி ஆனார். ஊரில் அதைக் கொண்டாட அவர் இல்லை.

ஆனால் எல்லாப் பழியையும் ஜெர்மன்காரன்மேல் போட முடியாது. சில கடிதங்கள் கடலையே எட்டவில்லை. ஜானகி எழுதியதை மாமியார் போக விடுவதில்லை. ராமானுஜன் ஜானகிக்கு எழுதியது ஜானகி கைக்கு வருவதில்லை. ஒருதரம் சீமைக்குப் போகிற பார்சலுக்குள் ஜானகி ஒரு சின்னக் கடிதத்தை ஒளித்து வைத்தாராம். கோமளத்தம்மாள் அதைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டாராம். பார்சல் போயிற்று, கடிதம் போகவில்லை. பதினாறு பதினேழு வயதுப் பெண், எழுதத் தெரிந்த அளவுக்கு எழுதி, யாரும் பார்க்காத சமயமாகப் பார்த்து உள்ளே திணித்திருப்பார். கேம்பிரிட்ஜில் அந்தப் பார்சலைப் பிரித்தவருக்கு, இதில் இன்னொன்றும் இருந்தது என்று தெரிய வாய்ப்பே இல்லை.

கோமளத்தம்மாளை வில்லியாக்குவது சுலபம். நான் அதைச் செய்ய மாட்டேன். பிள்ளையை வயிற்றைக் கட்டி வளர்த்து, ஊர் வாய்க்கு அஞ்சாமல் கடல் கடந்து அனுப்பியவர் அவர். ஆனாலும் செய்தது செய்ததுதான். கடைசியில் ஜானகி, கராச்சியில் வேலையாக இருந்த உடன்பிறந்தவரின் கல்யாணத்தைச் சாக்காக வைத்து அந்த வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். அங்கிருந்து ராமானுஜனுக்கு எழுதியது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது: கல்யாணத்துக்குப் புடவை எடுக்கவும் பரிசு வாங்கவும் பணம் வேண்டும் என்று. அவர் அனுப்பி வைத்தார்.

வீட்டில் என்ன நடக்கிறது என்பது முழுசாகத் தெரியாமல், அரைகுறையாகக் கேள்விப்படுவதுதான் இருப்பதிலேயே கொடுமை. ராமானுஜன் ஊருக்கு எழுதுவது குறைந்தது. 1917-ல் அநேகமாக நின்றே போயிற்று. அந்த வருஷந்தான் உடம்பும் விழுந்தது. முதலில் கேம்பிரிட்ஜில் ஒரு நர்சிங் ஹோம். பிறகு மெண்டிப் குன்றுப் பக்கம் ஒரு சானடோரியம். அதை நடத்தியவர் யார் தெரியுமா, கப்பலில் கூட வந்த அதே டாக்டர் சௌரிமுத்து! மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் தெரியும். 1928-ல் அந்தச் சானடோரியத்தைத் தொடங்கியவரும் இவரே. ஆனால் தமிழ் டாக்டர் கிடைத்தும் ராமானுஜன் அங்கே நிலைக்கவில்லை. டெர்பிஷயரில் மேட்லாக் என்ற இடத்துக்குப் போனார். காசநோய்க்கு அன்று வைத்தியம், ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிர்காற்றில் படுக்க வைப்பது. அவருக்கு வந்தது காசநோயே அல்ல, பழைய சீதபேதியின் தொடர்ச்சியாகக் கல்லீரலில் உண்டான அமீபா நோய்தான் என்று 1994-ல் ஓர் ஆங்கிலேய டாக்டர் பழைய குறிப்புகளையெல்லாம் அலசி எழுதினார். அப்படியானால் அந்தக் குளிரெல்லாம் வீண்.

அந்தச் சமயத்தில்தான் ஹார்டிக்கு ஓர் உண்மை தெரிய வந்தது. ராமானுஜன் வீட்டுக்கு ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கிறார் என்றே அதுவரை அவர் நினைத்திருந்தார். சென்னையிலிருந்து அந்தச் சுப்பிரமணியன் எழுதிய பிறகுதான், ஊரில் எவருக்கும் சேதியே இல்லை என்று விளங்கியது. குடும்பத்தில் ஏதோ மனஸ்தாபம் என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. தினம் கூட இருந்து வேலை செய்தவர், ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த கடிதத்தைப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டார். எழுதும்படி ராமானுஜனை வற்புறுத்தினார்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. வெளிநாடு போன இரண்டாம் வருஷம், ஆராய்ச்சி சரியாக ஓடாத கோபத்தில் நான் நாலு மாதம் வீட்டுக்கு எழுதவில்லை. வந்த நீலக் கடிதங்களைப் பிரிக்கவும் இல்லை. என் அப்பா தன் ஸ்கூல் ஃபைனல் இங்கிலீஷில் என் துறைத் தலைவருக்கே எழுதிவிட்டார். அவர் என்னைக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தைக் கையில் கொடுத்து, ஒன்றும் பேசாமல் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டார். வீட்டில் பிரச்சினை ஒன்றுமில்லை. எழுத ஒன்றுமில்லை என்ற நினைப்புதான். எழுத ஒன்றுமில்லை என்று தோன்றும்போது சாக்கடையைப் பற்றியாவது எழுதலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

1918 தொடக்கத்தில் லண்டனில் சுரங்க ரயில் ஸ்டேஷனில் ராமானுஜன் தண்டவாளத்தில் குதித்துவிட்டார். ஊழியர் ஒருவர் பார்த்து மின்சாரத்தை நிறுத்தியதால் ரயில் சில அடி தூரத்தில் நின்றது. காலில் பலத்த காயம். தற்கொலை முயற்சி அன்று குற்றம். ஹார்டி போலீசிடம் வந்து பேசி மீட்டார். இந்த விஷயம் பல வருஷம் வெளியே வராமலே இருந்தது. காரணம் இன்னதுதான் என்று சொல்ல நான் யார்? வியாதி, தனிமை, பசி, வீட்டுக் கவலை எல்லாமே இருந்தன. மே மாதம் ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆனார், அக்டோபரில் டிரினிடி ஃபெல்லோ. வெளியே பார்த்தால் அவ்வளவும் வெற்றி!

அந்த இருண்ட வருஷத்தில் ஒருவரை மறக்கக் கூடாது. ராமலிங்கம் என்ற தமிழ் இஞ்சினியர். 1914-ல் லண்டனில் இறங்கிய புதிதில் ராமானுஜனோடு பழக்கமானவர். இங்கிலாந்தின் வடக்குக் கோடியில் வேலை. போர்க்காலம், ரேஷன் வந்துவிட்ட நேரம். சைவச் சாப்பாட்டுக்காரரான நண்பர் என்ன சாப்பிடுகிறாரோ என்ற கவலையில், 1918 ஜூனில் லீவு போட்டுவிட்டு மேட்லாக் வந்து சில நாள் தங்கினார். என்ன கொடுக்கிறார்கள், எது வயிற்றில் தங்குகிறது, எது தங்கவில்லை என்று கவனித்து ஹார்டிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். ராமானுஜன் வாழ்க்கையில் பெரிய பேர்கள் ஏராளம். ராமலிங்கம் பேர் அடிக்குறிப்பில்தான் வரும்.

போர் முடிந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் வருஷம் 250 பவுண்டு தொடர்ந்து கொடுப்பதாக அறிவித்தது. 1919 ஜனவரி 11-ல் ராமானுஜன் பதிவாளருக்கு எழுதினார்: இது என் தேவைக்கு மேலே, என் செலவும் பெற்றோருக்கு 50 பவுண்டும் போக மிச்சத்தை ஏழைப் பிள்ளைகளுக்கும் அனாதைகளுக்கும் பள்ளிச் சம்பளம், புத்தகம் என்று செலவிடுங்கள் என்று. ஸ்காலர்ஷிப் போய்ச் சம்பளம் கட்ட வழியில்லாமல் தவித்த பதினேழு வயசுப் பையனை அவர் மறக்கவில்லை.

பிப்ரவரி 27-ல் நகோயா என்ற கப்பலில் புறப்பட்டு, சரியாக ஒரு மாதத்தில் பம்பாயில் இறங்கினார். அம்மாவும் தம்பியும் காத்திருந்தார்கள். அவர் முதலில் கேட்டது, ஜானகி எங்கே என்று. அம்மாவுக்கு அந்தக் கேள்வி ரசிக்கவில்லை. ஜானகி பிறகு சென்னையில் வந்து சேர்ந்தார். ஐந்து வருஷத்தில் யார் யாருக்கு எழுதினார்கள், எது யார் கையில் நின்றது என்று அப்புறம்தான் இருவரும் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். நீ என்கூட வந்திருந்தால் எனக்கு வியாதியே வந்திருக்காது என்று அவர் சொன்னதாக ஜானகியம்மாள் வயதான காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார்.

கொடுமுடி, கும்பகோணம், மறுபடி சென்னை. வேளாவேளைக்குச் சாதமும் மோரும் எலுமிச்சை ரசமும் கொடுத்தது, வலிக்கு ஒத்தடம் கொடுத்தது எல்லாம் ஜானகிதான். 1920 ஜனவரியில் படுக்கையில் இருந்தபடியே ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். இத்தனை நாள் ஒரு வரிகூட எழுதாததற்கு மன்னிப்புக் கேட்டுத்தான் தொடங்குகிறார். பிறகு புதிதாகக் கண்டுபிடித்த மாக் தீட்டா சார்புகளுக்குத் தாவிவிடுகிறார். (மலர்க் குழுவினர் மன்னிக்க வேண்டும், கணக்கு ஒரு வரி வந்துவிட்டது.) ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் காலமானார். 32 வயது.

கடைசி வருஷம் எழுதிய தாள்களில் ஒரு கட்டைப் பல்கலைக்கழகம் 1923-ல் ஹார்டிக்கு அனுப்பி வைத்தது. அவை கை மாறிக் கை மாறி டிரினிடி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் கண்ணில் பட்டன. ஜானகியம்மாள் தையல் கற்றுக்கொண்டு, மாதம் 20 ரூபாய் பென்ஷனில் ஆரம்பித்துத் தன் காலை ஊன்றி நின்றார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தார். 1994 ஏப்ரலில் கண்ணை மூடும்வரை இருந்தது, அவர் கணவர் சீமைக்குப் புறப்பட்ட அதே திருவல்லிக்கேணியில்தான்.